நாலு மணிக் கேள்வி

— நிறுத்திட்டேன்னு சொன்னியே மச்சான்... பின்ன இது என்ன பில்லு?

— நிறுத்தித்தான் வெச்சிருக்கேன் அத்தான். அக்கா நடத்தின ஆப்போட டேட்டாபேஸ் கிளஸ்டர், அதான், தகவலெல்லாம் வெச்சிருக்கற வாடகை மெஷின், ஓடலை...

— ஓடாததுக்கு எவனாவது காசு கேப்பானா?

— மெஷினுக்குக் கேக்கலை. உள்ள டேட்டா இருக்குல்ல, அந்த இடத்துக்குக் கேக்கறான். வீட்டைப் பூட்டிட்டுப் போனா வாடகை நின்னுடுமா?

— அப்ப சாமானைக் காலி பண்ணேன்.

— அழிச்சா திரும்ப வராது. பிள்ளைங்க அனுப்பின சந்தேகம், அக்கா எழுதின பதில்... எல்லாம் அதுலதான். ஆப்பை மூடினப்பவே சொல்லிட்டா, நிறுத்து, ஆனா அழிக்காதேன்னு.

— சரி, வாடகைன்னே வெச்சுக்கலாம். ஓடின நேரத்துக்கும் போட்டிருக்கானே?

— அது... மெஷின் கம்பெனிக்காரன் அதை ஏழு நாளுக்கு மேல தூங்க விடமாட்டான். தானா எழுந்துக்கும். நான் திரும்ப நிறுத்தணும்.

— அதெப்படி, கரெக்டா வியாழக்கிழமை காலையில எழுந்துக்குது?

— அது தற்செயல்தான் அத்தான்.

— முழிக்காதே. சொல்லு.

— நான்தான் ஓட விடறேன். அக்காதான் கேட்டுக்கிட்டா... அவகிட்ட கோச்சுக்காதீங்க. ஆப்பை மூடினதிலேர்ந்து அவ எப்படி இருந்தான்னு உங்களுக்கே தெரியும்.

— தெரியாம என்ன... ஒரே வீட்லதானே இருக்கேன்.

— ஒரே ஒரு பையன் மட்டும் வியாழக்கிழமை தவறாம இன்னும் சந்தேகம் அனுப்பறான் அத்தான். மூடினது தெரியாது போல. 'மீனுக்குத் தாகம் எடுக்குமா'ன்னு கேட்டிருந்தான். அக்கா என்னென்னவோ படிச்சு, பக்கம் பக்கமா...

— நல்ல பதில்தான் அது.

— நீங்க எங்க பார்த்தீங்க?

— அவ... சொன்னா. நீ மேல சொல்லு.

— பில் ஏறுதே, நீங்க சத்தம் போடுவீங்களேன்னு பயந்து, இந்த வாரம் மத்தியானமே நிறுத்திட்டேன். அவன்கிட்டேர்ந்து ஒண்ணும் வரலை. அக்கா முகமே சரியில்ல...

— அவ ராத்திரி சாப்பிடக்கூட இல்லடா. அதான் வந்தேன். வியாழக்கிழமை மட்டும் சாயங்காலம் வரைக்கும் விட்டுடு.

— அப்ப இந்த பில்லு?

— வந்துட்டுப் போகுது.

— என்ன அத்தான், வந்ததும் அந்தக் குதி குதிச்சீங்க... இப்ப திடீர்னு?

— எங்க ஆபீஸ்ல நாலு மணிக்குத்தான் டீக்கு விடுவாங்க மச்சான். அதுக்கு முன்னாடி அந்தப் பையன் எப்படிக் கேள்வி அனுப்புவான்?