தொட்டிலில் படாத கை

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூடாக எதையும் குடிக்கக் கூடாது, ஐயா. ஒரு சொட்டு சிந்தினாலும் பிஞ்சுத் தோல் வெந்துவிடும். பிள்ளை வளர்க்கப் போன வீட்டில் நான் காப்பியை ஆறவைத்துத்தான் குடிப்பேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த இதைச் சூடாகவே குடிக்கலாம். மடி காலியாகத்தானே இருக்கிறது.

என் பெயர் பிச்சையம்மாள். ஊர் காமயகவுண்டன்பட்டி. சீனாக்காரனோடு சண்டை நடந்த வருடம், மேகமலையில் மரம் சாய்ந்து என் புருசன் செத்துப்போனார். கையில் பால் குடிக்கிற பிள்ளை, என் மகள் பவுனு. அந்தச் சமயம் போடியில் ஏலக்காய் வியாபாரி சங்கரலிங்கம் ஐயா வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாய்க்குப் பால் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். பவுனையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். அந்த வீட்டம்மா கஸ்தூரியம்மாள் வாசலிலேயே நிறுத்தினார்.

"ரெண்டு புள்ளைக்கும் பால் பத்தாது, பிச்சையம்மா. ஒம்புள்ளைய ஊர்ல விட்டுட்டு வா. இனிமே சொர்ணலதா ஒனக்கும் மகதான். காலம் பூரா ஒன்னைய வச்சுப் பாப்பா."

நான் நம்பினேன். பவுனை என் அக்காள் மொக்கம்மாளிடம் விட்டேன். அவளுக்கே கஞ்சிக்குத் திண்டாட்டம். சோறு வடித்த கஞ்சியில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைக்குப் புகட்டினாள். பவுனு சவலையாகிவிட்டாள். பிள்ளை பிழைக்காது என்று சேதி வந்த அன்று சொர்ணத்துக்குக் காய்ச்சல். என்னை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே அழுகை. நான் போகவில்லை. மறுநாள் போனபோது குழியை மூடியிருந்தார்கள்.

சொர்ணம் என்னைப் பாலம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளைக் கொடைக்கானலுக்குப் படிக்க அனுப்பிய அன்றே எனக்கும் ஒரு சேலை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். ஊரில் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போனேன். அவள் கல்யாணத்துக்கும் சொல்லி அனுப்பவில்லை. வேலை நெருக்கடியில் மறந்திருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இந்த வருடம் தை மாதம் தோட்டத்துக்கே கார் வந்தது. டிரைவர் ஒச்சாண்டி இறங்கி வந்து சொன்னான்: "ஆத்தா, சொர்ணம்மாவுக்கு ஆம்பளப் புள்ள பெறந்திருக்கு. போடிப் பெரியம்மா ஒங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாக." கூடையை வரப்பிலேயே வைத்துவிட்டு ஏறினேன். அவ்வளவு ஆசை எனக்கு.

சொர்ணத்துக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கண்டிருந்தது. மாத்திரை கொடுத்துப் பாலையே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்கு டின் பால். கரைப்பதும் புகட்டுவதும் என் பொறுப்பு.

பெயர் வைத்துத் தொட்டிலில் போடுகிற நாள் வந்தது. ஆதித்தனைக் குளிப்பாட்டி, மை இட்டு, நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். கஸ்தூரியம்மாள் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"நீ அங்கன உள்ள இரு. பெத்த புள்ளைய மண்ணுக்குத் தூக்கிக் குடுத்தவ கை தொட்டில்ல படக் கூடாது. இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்கும்."

நான் சொர்ணத்தைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அம்மா சொல்றது சரிதானே, ஆயா. எம்புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா?"

ஆயா. பாலம்மா இல்லை, ஐயா. நான் யாருக்காகத் தூக்கிக் கொடுத்தேன்? அவளுக்காகத்தானே. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள்.

தொட்டிலைத் தொடக் கூடாது என்றார்களே தவிர, பிள்ளையைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. வேலை நடக்க வேண்டுமே. அதனால் ஆதித்தன் பகலெல்லாம் என் மடியில் துணி சுற்றிக் கிடந்தான். இரவில் என் பாயில். அவனைத் தூக்கிக் கனம் பார்க்க யாருமில்லை. பால் குடிக்கும்போது பார்த்தால் கண் பட்டுவிடும் என்று கஸ்தூரியம்மாளே கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

தொட்டில் போட்ட மறுநாளிலிருந்து பாட்டிலில் வடிகஞ்சித் தண்ணீரை ஊற்றினேன். நிறத்துக்காக ஒரு சிட்டிகை பால் பொடி.

முதலில் நன்றாக அழுதான். பசித்து அழுது பார்க்கிற பிள்ளை கொஞ்ச நாளில் தானே அடங்கிவிடும். அக்காள் சொல்லியிருக்கிறாள். பவுனு எப்படிப் போனாள் என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. இவனிடம்தான் பார்த்தேன்.

கஸ்தூரியம்மாளுக்குச் சந்தோஷம். "பிச்சையம்மா கைராசியே ராசி. புள்ள இருக்கிற எடம் தெரியலையே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளை வற்றிப்போனது பிறகுதான் அவர்கள் கண்ணில் பட்டது. தோஷம், தீட்டுப் பட்டுச் சீர் தட்டியிருக்கிறது, ஊசி போட்டால் எதிராகிவிடும் என்றார் கஸ்தூரியம்மாள். வருசநாட்டுக்குத் தூக்கிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். என் மடியில்தான் போனான். கட்டிய கயிறு கழன்று கழன்று விழுந்தது. இன்னும் இறுக்கிக் கட்டினார்கள்.

ஒரு நாள் சொர்ணம் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "பாலம்மா, எம்புள்ளைய எப்படியாவது தேத்திக் குடு. ஒன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?"

என் மனசு இளகிவிட்டது. அன்று நல்ல பாலாகவே கரைத்துக் கொடுத்தேன். பாட்டிலை விடாமல் குடித்தான். விரலைப் பிடித்துக்கொண்டான். மறுநாளும் கொடுத்தேன். சாயங்காலம் பக்கத்து அறையில் அவள் புருசனிடம் பேசுவது கேட்டது. "புள்ள கொஞ்சம் தேறட்டும். அப்புறம் ஆயாவை ஊருக்கு அனுப்பிருவோம். அந்தத் துக்கிரியை எதுக்கு வீட்ல வச்சுக்கிட்டு."

நான் வடிகஞ்சிக்கே திரும்பினேன்.

போன வெள்ளிக்கிழமை விடியும்போது அடங்கிப்போனான். சத்தமே இல்லை. என் டிரங்குப் பெட்டியில் பால் டின்களைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் உங்களிடம் வந்தார்கள். நான் திருடியதாக எழுதாதீர்கள். ஒரு டின்னைக்கூட விற்கவில்லை, அப்படியே இருக்கின்றன.

விஷம் கொடுத்தாயா என்று கேட்டீர்கள். அந்தப் பாவத்தை நான் செய்வேனா? என் மகள் குடித்ததைத்தான் அவனும் குடித்தான். பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் கைநாட்டு வைக்கிறேன். ஆனால் சொர்ணத்திடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், அவள் மனசு ஆறும். அவர்கள் சொன்னபடியே நடந்தேன். கடைசிவரை என் கை அந்தத் தொட்டிலில் படவே இல்லை.