நாலு டிகிரி

— கதவ மூடாதடா. தெறந்தே கெடக்கட்டும்.

— பத்து நிமிஷமா தெறந்துதான்க்கா கெடக்கு. இன்னும் நாலு டிகிரின்னுதான் காட்டுது.

— கைய உள்ள விட்டுப் பாரு.

— வெதுவெதுன்னு இருக்கு. ஐயோ... தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜுக்கா இது!

— தெரியும். உன் டீ டம்ளர உள்ள வை. சென்சார் மேல சாய்ச்சு வை.

— ஆவி பறக்குற டீக்கா!

— வைடான்னா.

— வெச்சாச்சு. நாலு... நாலு... இன்னும் நாலு. இதுக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?

— அதுக்கில்ல, நமக்கு. போன வாரம் நீ கெர்னல்ல, இத ஓட்டுற புரோகிராம்ல, என்ன மாத்தின?

— மாத்தலக்கா, எடுத்தேன். வேண்டாத டீபக் மெசேஜ் நானூத்திப் பன்னெண்டு. "இங்க வந்தேன், இதப் பாத்தேன்"னு நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதித் தள்ளி மெமரிய ரொப்புதுன்னு நீதான எடுக்கச் சொன்ன?

— சொன்னேன். இல்லன்னு சொல்லல.

— வெறும் பொலம்பல்தான அது? பொலம்பல நிறுத்தினா ஃப்ரிட்ஜ் எதுக்கு நட்டுக்கணும்?

— இங்க வா. நீ எடுத்ததுல இந்த வரியப் பாரு.

— "உள்ளே இத்தனை டிகிரி"ன்னு ஒரு மெசேஜ். அந்த "இத்தனை" வர்ற எடத்துல... இரு இரு. சென்சாரப் படிக்கிற வேலையே இங்கதான் நடக்குதா?

— ம்.

— வேற எங்கயும் படிக்கலயா?

— எங்கயும் இல்ல. மெசேஜ் எழுதுற சாக்குலதான் சென்சாரப் போய்ப் பாத்துட்டு வந்துச்சு. மெசேஜ் போச்சு, பாக்குறதும் போச்சு. கடைசியாப் பாத்த நாலையே புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

— அடப்பாவி! எந்த மடையன்க்கா இப்படி எழுதுவான்? செய்ய வேண்டிய வேலையக் கொண்டுபோய் ஒரு மெசேஜுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான்! இரு, யாரு எழுதினதுன்னு பேரு காட்டும்ல...

— பாக்க வேணாம். எவனோ பழைய ஆளு. இப்ப அதுவா முக்கியம்? நீ எடுத்தப்புறம் சோதிச்சியா இல்லயா?

— சோதிச்சேனே.

— இந்த ஃப்ரிட்ஜுலயா?

— "சோதித்தது"ன்னு என் பேரு போட்டிருக்குல்லக்கா.

— பேரு இருக்கு. அதான் கேக்குறேன். வாயத் தெறடா.

— ஆன் பண்ணினேன். நல்லாத்தான் ஆன் ஆச்சு. அவ்வளவுதான் பாத்தேன். நானூத்திப் பன்னெண்டுக்கா! ஒவ்வொண்ணுக்கும் இது முன்னால வந்து நின்னா நான் எப்ப முடிக்க... சரி, தப்புதான். திட்டு.

— திட்டுற நெலமையில நான் இல்ல.

— ஏன், நீயும்தான நான் எடுத்ததுக்குக் கீழ "படித்தேன், சரி"ன்னு போட்ட? எல்லாத்தையும் படிச்சியா?

— மொத நூறு படிச்சேன்.

— அக்காவுக்கேத்த தம்பிதான் நான்! சரி, இது எங்கெல்லாம் போயிருக்கு?

— இருவத்திரெண்டு ஆஸ்பத்திரி. போன செவ்வாக்கெழம காலைல.

— இன்னைக்குத் திங்கள்! நாலு டிகிரின்னு நெனச்சு மோட்டாரே ஓடியிருக்காதே! அலாரம்?

— அலாரமும் அதே நாலத்தான் பாக்கும். எல்லாரும் திரையத்தான் பாத்தாங்க. ஒரே ஒரு நர்ஸம்மா இன்னைக்குக் காலைல கூப்பிட்டாங்க. பாட்டிலு கையில சில்லுன்னே இல்லயே, என்னம்மா இதுன்னு. அப்பதான் நம்ம ஆபீஸ்ல எல்லா ஃப்ரிட்ஜையும் நிறுத்தச் சொன்னாங்க.

— அப்ப இத்தன நாளா போட்ட ஊசி?

— கெடுதல் பண்ணாதாம். பலிக்கவும் பலிக்காது. எல்லாப் புள்ளைங்களையும் தேடிப் புடிச்சுத் திரும்பப் போடணும்.

— ஐயய்யோ... எத்தன புள்ளைங்க?

— எண்ணிக்கிட்டு இருக்காங்க. காலைல ஆயிரத்தத் தாண்டிருச்சு.

— எம் புள்ள வயசுதானக்கா எல்லாம்? பெத்தவங்க ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்பாங்களே... அக்கா! பாப்பாவுக்கும் வியாழக்கெழமதான் ஊசி! பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி... அது இந்த இருவத்திரெண்டுல இருக்கா?

— இருக்கு.

— போச்சு! எம் புள்ளைக்கு நானே... இல்ல இல்ல, இரு. போகலயே! அன்னைக்கு நாங்க போகவே இல்ல. அப்பாடா... உசுரே போய்ட்டு வந்துச்சுக்கா.

— ம்.

— நல்லவேள, நீதான் காலங்காத்தால போன் பண்ணி பாப்பாவோட அம்மாவ நிறுத்தின. பாப்பாவுக்குச் சளி மாதிரி இருக்கு, அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு. சளியே இல்லயே, அத்தைக்கு ரொம்பத்தான் பாசம்னு அவ கூடச் சிரிச்சா. அக்கா...

— சொல்லு.

— பாப்பாவுக்குச் சளின்னு உனக்கு யாரு சொன்னா? அந்த வாரம் நீ வீட்டுப் பக்கமே வரலயே.

— டீய எடுத்துக் குடி. ஆறிடும்.

— டீ கெடக்கட்டும். என்னப் பாத்துப் பேசு.

— எந்த மடையன் எழுதினான்னு கேட்டல்ல? நான்தான்டா. பதினோரு வருஷம் முன்னால, அவசரத்துல. "இந்த மெசேஜை எடுக்காதீர்கள்"னு மேல ஒரு குறிப்பும் எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் அடுத்தவங்க எழுதினத சரி பாக்குற எடத்துக்கு வந்தேன்ல... வெக்கமாப் போச்சு. வரிய மாத்த நேரமில்ல, குறிப்ப மட்டும் அழிச்சுட்டேன்.

— அத விடுக்கா! ஞாபகம் எப்ப வந்துச்சு? அதச் சொல்லு.

— புதன்கெழம சாயங்காலம்.

— புதன்... அப்ப நாலு நாளா தெரிஞ்சேவா இருந்த?

— மாத்தம் எல்லாம் செவ்வாக்கெழமதான போகும். இதச் சரி பண்ணி நாளைக்குப் போறதுல நைசாச் சேத்துட்டா உன் பேரும் கெடாது, என் பேரும் கெடாதுன்னு நெனச்சேன்.

— நடுவுல அத்தன புள்ளைங்க வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போச்சே! யாருக்காவது சொன்னியாக்கா? ஒருத்தருக்காவது?

— சொன்னேன். ஒரே ஒரு போன்தான்டா பண்ணேன். உன் பொண்டாட்டிக்கு.