காணாமற்போன கரை

— இல்லகா றஸீனா, பத்துத்தரம் அமத்திப் பாத்திட்டன். எஃப் ஏழ அமத்தினா இந்தப் பெட்டி ‘டிங்’ எண்டு ஒரு சத்தம் போடுது, அவ்வளவுதான். ஏழு எங்க போச்சு?

— ஏழு அங்கதான் இரிக்கு சீதேவிப்பிள்ளையக்கா. அதுக்குள்ள இருந்த வேலைதான் இல்ல. புதுசு போடக்குள்ள அத எடுத்திட்ட.

— எடுத்தது நீயா?

— நான் எழுதின புறோகிராம்தானே. வேற யாரு எடுக்கிற?

— அப்ப ஆரெண்டு தெரிஞ்சிட்டு. இனி ஏனெண்டு சொல்லு. நாலு வருசமா இந்த ரத்ததானச் சங்கத்து மேசையில குந்தியிருக்கன். ஆஸ்பத்திரியால கோல் வந்த உடன நான் அமத்துற முதல் கட்டை அதுதான்.

— ரெண்டாயிரம் வருசப் பிரச்சின அக்கா. இன்னும் நாலு மாசத்தில வருசம் மாறுது. பழசில வருசத்துக்கு ரெண்டு இலக்கம்தான். தொண்ணூத்தொம்பதுக்குப் பிறகு சைபர் சைபர் வந்தா, நேத்து ரத்தம் குடுத்தவரு நூறு வருசத்துக்கு முந்திக் குடுத்தாரெண்டு கொம்பியூட்டர் நினைக்கும். நாலு இலக்கம் போட இடம் வேணும். அதுதான் ஒரு கட்டத்தத் தூக்கின.

— நேத்து இஞ்ச நடந்தது உனக்குத் தெரியுமா கிளி?

— என்ன நடந்த?

— நீ புதுசு போட்டாப் பிறகு வந்த முதல் கோல், பின்னேரம் நாலரைக்கு. பிள்ளப் பெத்த பொம்புள, ரத்தம் நிக்குதில்ல. ஓ நெகட்டிவ். நம்மட நானூறு பேருக்குள்ள அந்த வகை ஆறு பேர். முன்னயெண்டா ஏழ அமத்துவன். வாவிக்கு இஞ்சால, எழுவான்கரையில இரிக்கிற ஆக்கள் மட்டும் திரையில வந்து வரிசையா நிப்பாங்க. ஆமி பாலத்தப் பூட்டினாலும் அவங்களுக்கு ஒண்டுமில்லயே. நேத்து ஆறு பேரும் ஒண்டா வந்து நிக்காங்க. ஊரும் இல்ல, கரையும் இல்ல. ‘சேதி சொல்லுற கடை’ எண்டு மட்டும் கிடக்கு. முதல் பேர் கோணாமலை. அந்த மனிசன்ட பேருக்கு நேர பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடை எண்டு இருந்தது. டவுண் ஆள்தானே எண்டு நினைச்சு அங்க சேதி குடுத்தன்.

— அவர் இரிக்கிறது பாலம் தாண்டி, வவுணதீவுக்கும் அங்கால தானே?

— இப்ப சொல்லு! கடைக்காரன் ஆள்விட்டு, மனிசன் வயலால ஏறி, சைக்கிள்ல மூச்சு வாங்க வந்து சேந்தா அஞ்சே கால். பாலம் அஞ்சுக்குப் பூட்டு. கத்திப் பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டார். இண்டைக்கு வெள்ளன பாலம் திறந்த கையோட இஞ்ச வந்து, சட்டக்கைய மடிச்சிட்டு நிக்கார்கா. ‘தங்கச்சி, இப்ப எடுங்க’ எண்டு.

— அந்தப் பொம்புள?

— தப்பிட்டா. ரெண்டு மணித்தியாலம் வீணாப் போய், மறுகா உங்கட ஊர் ஹவ்வா உம்மாட மகன்தான் மோட்டர்சைக்கிள்ல வந்து குடுத்தார். அந்த ரெண்டு மணித்தியாலமும் நான் இந்த ரெலிபோனப் பாத்துக்கொண்டு இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

— அல்ஹம்துலில்லாஹ். என்ன மன்னிச்சிருங்க அக்கா.

— மன்னிப்பு ஆர் கேட்டது? விளக்கம் தா. இஞ்ச பாரு. கரைக்கு நீ வச்சிருந்தது ஒரெழுத்து. ‘ஈ’ எண்டா எழுவான்கரை, ‘பீ’ எண்டா வாவிக்கு அங்கால, படுவான்கரை. வருசத்துக்குக் கூடத் தேவைப்பட்டது ரெண்டு எழுத்து. ஒண்டத் தூக்கின இடத்தில ரெண்ட வைக்கிறது எப்பிடிகா?

— ஊரையும் தூக்கின தானே.

— தூக்கின இடத்தில கடையக் கொண்டந்து வச்சிருக்காய். ஊர்ப் பேர் இருவது எழுத்துக்கு மேல போகாது. கடைப் பேருக்கு நீ விட்டிருக்கிறது முப்பது. இருந்து எண்ணிப் பாத்தன். இடம் மிச்சப்படல்ல, கூடத்தான் போயிருக்கு.

— நீங்க கணக்கு ரீச்சரா இருந்திரிக்கணும்.

— மறுகா இன்னொண்டு. ரத்தம் குடுத்தாப் பிறகு தேத்தண்ணியா சோடாவா எண்டு ஒரு கட்டம் கிடக்கே, அதில நீ கையே வைக்கல்ல. ஆர் சோடா குடிக்கிறவன் எண்டது இருக்கவேணும், ஆர் எந்தக் கரையில இரிக்கான் எண்டது போகவேணுமா? எனக்குக் கோவம் இல்ல கிளி. விளங்காமக் கிடக்கு, அதுதான் அரிக்குது.

— அக்கா, அந்தக் கதவு...

— சாத்தித்தான் கிடக்கு. சொல்லு.

— மூணு கிழமைக்கு முந்தி ஒருத்தர் காத்தான்குடிக்கு என்ட கொம்பியூட்டர் கிளாசுக்கு வந்த. பகல்ல, பிள்ளைகள் டைப் அடிச்சிட்டிருக்கிற நேரம். சேட்டுப் பையில பிளொப்பி ஒண்டு. ரத்தம் குடுக்கிற ஆக்கள்ற லிஸ்ட் வேணுமெண்டு கேட்ட. முழுசா வேணாமாம். படுவான்கரையில இருந்து டவுணுக்கு வந்து போற ஆக்கள் மட்டும் போதுமாம்.

— ஆர் அவர்? எந்தப் பக்கத்து ஆள்?

— பேர் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. தமிழ் வடிவாக் கதைச்ச. ஆமியோ இயக்கமோ, எந்தப் பக்கமா இருந்தா என்ன அக்கா? அந்த லிஸ்ட் ஆர்ட கைக்குப் போனாலும் அதில இரிக்கிற பேருகளுக்கு ஒரே விதிதானே.

— நீ என்ன சொன்னாய்?

— கரண்ட் வந்து வந்து போகுது, வெள்ளிக்குப் பிறகு வாங்க எண்டு சொன்ன. அண்டைக்கே நான் பஸ் ஏறி இஞ்ச வந்த. ரெண்டாயிரத்துக்குப் புதுசு போடப்போறன் எண்டு உங்களிட்டச் சொல்லிட்டு, ஊரையும் கரையையும் அழிச்ச. நீங்க பக்கத்தில நிண்டு பிளேன்ரீ ஊத்தித் தந்தீங்க. எனக்கு அத முழுக்கக் குடிக்க ஏலாமப் போச்சு.

— அதுதான் அண்டைக்குப் பாதியில வச்சிட்டுப் போனாய். சீனி காணாதாக்கும் எண்டு நினைச்சன். மறுகா அந்த மனிசன் வந்தவரா?

— வந்த. நான் புதுசத் திறந்து காட்டின. ‘பாருங்க, கரை எண்டு ஒண்டும் இதில இல்ல, எல்லாம் டவுண் கடைகள்தான்’ எண்டு சொன்ன. கன நேரம் திரையப் பாத்துக்கிட்டு நிண்டிட்டு, பிளொப்பியத் திருப்பிச் சேட்டுப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

— பழசு எங்கயும் மிச்சம் கிடக்கா?

— என்னட்ட இருந்த பிளொப்பி ரெண்டையும் அடுப்பில போட்ட. வீடெல்லாம் மணத்துப்போய் உம்மா ஏசின ஏச்சு இன்னும் காதுக்குள்ள கேக்கு.

— நல்ல வேலை செய்தாய். எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே புள்ள? நேத்து நான் அந்தத் தேத்தண்ணிக் கடைக்குச் சேதி குடுத்திருக்க மாட்டன்.

— அதுதான் என்ட பிழை. நீங்க ஆறு பேரையும் ஒண்டாக் கூப்பிடுவீங்க எண்டு நினைச்ச. முதல் பேருக்கு மட்டும் சேதி போகுமெண்டு நான் யோசிக்கல்ல.

— சரி, போனது போகட்டும். இனி கரைய எங்க வைக்கிறது?

— எங்கயும் எழுதக்கூடா அக்கா. கொப்பியிலயும் வேணாம்.

— அப்ப மண்டைக்குள்ளதான் வைக்கவேணும். படுவான்கரையில நாப்பத்தொரு பேர். ரத்தம் குடுக்க வரேக்க ஒவ்வொருத்தரா விசாரிச்சுப் பாடமாக்கிறன். அம்பது வயசில எனக்கு ஒரு சோதினை.

— ஏலுமா?

— ஏன் ஏலாது? கோணாமலைய இனி மறப்பனா? ஒண்டு முடிஞ்சுது, இன்னும் நாப்பதுதான்.

— உங்களச் சிரிக்கக் கண்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வருது. அப்ப நான் வாறன் அக்கா, மூணரை பஸ்ஸ விட்டா ஊருக்குப் போக ஏலா.

— இருகா, ஒண்டே ஒண்டு. இதுக்குள்ள கரை எண்டு ஒரு கட்டம் இருந்தது உனக்கும் எனக்கும்தானே தெரியும்? அந்த மனிசனுக்கு ஆர் சொன்னது?

— அத விடுங்க அக்கா.

— விடேலாது. ஆரோ காட்டிக்குடுத்திருக்காங்க. அந்த ஆள் இன்னும் நமக்குள்ள நடமாடுறதெண்டா நான் தெரிஞ்சிருக்கவேணும்.

— காட்டிக்குடுக்கல்ல. நல்லத நினைச்சுத்தான் செஞ்சிரிக்கு.

— ஆரெண்டு சொல்லு றஸீனா.

— அவர்ட கையில கடிதமொண்டு இருந்த. சங்கத்து முத்திரை குத்தின கடிதம். பாலம் பூட்டினாப் பிறகும் ரத்தம் குடுக்கிற ஆக்கள விடச்சொல்லி, பாலத்தடி ஆமிக்கு எழுதின. அது எப்பிடி அவர்ட கைக்கு வந்ததெண்டு எனக்குத் தெரியா.

— அதில... அதில என்ன எழுதியிருந்தது?

— ‘படுவான்கரையில் வசிப்போரின் விபரம் யாவும் எமது கணினியில் உண்டு. தேவைப்படின் தந்துதவுவோம்’ எண்டு இருந்த. கீழ உங்கட கையெழுத்து, அக்கா.