டெல்மா வர்ற வரைக்கும்

ஹாலுக்குள்ள போகாதீங்க தம்பி. கதவத் தொறந்தா வெளிச்சம் அடிச்சு படம் ஒண்ணும் தெரியாது. ஊரே உள்ளதான் உக்காந்திருக்கு, கத்திருவாங்க. டெல்மாவா? வருவா, வருவா. படம் முடிஞ்சதும் அத்தனை பேருக்கும் சாப்பாடு இந்த அடுப்படிலருந்துதானே போகணும், இங்க வராம எங்க போவா? அப்படி உக்காருங்க. மாவு மூட்டை மேல வேணாம், கோட்டு வெள்ளையாயிரும்.

கோர்ட்டு பேப்பரா? அவ கையிலயேதான் குடுக்கணுமா, அப்பதான் செல்லுமா. சரி சரி, சட்டம்னா சட்டம். தண்டர் பே பட்டணத்துலருந்து இந்த மண்ரோட்டுல குலுங்கிக் குலுங்கி வந்திருக்கீங்க, முதல்ல ரொட்டி தின்னுங்க. இப்பதான் எண்ணெயிலருந்து எடுத்தேன், ஊதித் தின்னுங்க. கடமான் கறியும் இருக்கு.

அவளப் பாத்ததே இல்லையா நீங்க? போட்டோ கூடக் குடுக்கலையா? ரேடியோவுல குரலாவது? அதுவும் இல்லையா. நல்லதாப் போச்சு. இல்ல, தலைவலி மிச்சம்னு சொல்ல வந்தேன்.

அவ வாய் அப்படி தம்பி. சின்ன வயசுல எங்க பூர்வகுடிப் புள்ளைங்களையெல்லாம் கனடா அரசாங்கம் அள்ளிட்டுப் போய் விடுதிப் பள்ளிக்கூடத்துல போட்டுதே, அங்க எங்க பாஷையில ஒரு வார்த்த வந்தாலும் வாயில சோப்ப வெச்சுத் தேய்ப்பாங்க. இவளுக்குத் தேய்ச்ச சோப்புல ஊரையே குளிப்பாட்டியிருக்கலாம். அப்படியும் வாய் அடங்கல.

திரும்பி வந்தா. அப்பதான் ஊருக்குன்னு ஒரு ரேடியோ நிலையம் போட்டாங்க. இவளுக்கு என்ன வேலைங்கிறீங்க? பிங்கோ ஆட்டத்துக்கு நம்பர் படிக்கிறது, அவங்கவங்க வீட்டுல சீட்டுல குறிச்சுக்குவாங்க, பரிசு உண்டு. சிரிக்காதீங்க, பிங்கோ நேரத்துல இங்க பொணம் கூட எழுந்து உக்காந்து கேக்கும். யாரும் ரேடியோவ அணைக்க மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும். ஒரு நம்பர் சொல்லுவா, அடுத்த நம்பருக்கு முன்னாடி எங்க பாஷையில ஒரு சேதி சொருகுவா. ஆத்துல பிக்கரல் மீன் செத்து மெதக்குது, திங்காதீங்கன்னு ஒண்ணு. அப்பறம் ஒரு நம்பர். ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற காகித ஆலை என்னத்த ஊத்துதுன்னு கேளுங்கன்னு ஒண்ணு. அப்பறம் ஒரு நம்பர். ஆளுங்க நம்பரையும் குறிச்சு, கோவத்தையும் சேத்துக்கிட்டாங்க.

ஆமா, அதே ஆலைதான். உங்கள அனுப்பின வக்கீலுக்குக் காசு குடுக்குறவங்க.

ஆலைக்கு மரம் ஏத்திட்டுப் போற லாரிங்கள மறிச்சு எல்லாரும் பனியில உக்காந்தப்ப, ஒரு போலீஸ்காரர் இவள அலாக்காத் தூக்கிட்டுப் போறார். இவ கையில மைக்கு. ஐயா, இடுப்பு வலிக்குதா, நான் கொஞ்சம் கனம்தான்னு கேக்குறா. அந்த மனுசன் பாவம், ஆமாம்மா, போன வருசத்துலருந்தே வலிங்குறார். அத்தனையும் ரேடியோவுல போய்க்கிட்டு இருக்கு. மறுநாள் ஊர்ப் பொம்பளைங்க அவருக்குக் கரடிக் கொழுப்புத் தைலம் குடுத்து அனுப்பினாங்க.

இன்னொரு ரொட்டி எடுங்க. மணி பாக்காதீங்க, இங்க கடிகாரம் அவளுக்காகத்தான் ஓடுது.

அப்பறம் கேமரா புடிச்சா. முதல் படத்துல பாதி அவ பூட்ஸுதான் தெரியுது, நிறுத்த மறந்து தொங்கவிட்டுட்டு நடந்திருக்கா. ரெண்டாவது படத்த டொராண்டோவுல டிவிக்காரங்ககிட்ட குடுத்தா, உங்க பெரியவங்க பேசுற இங்கிலீஷ் புரியல, கீழ எழுத்துப் போடணும்னாங்க. போட்டா. எங்க ஆளுங்களுக்கு இல்ல, அதிகாரிங்க பேசுறப்ப! அவங்க இங்கிலீஷ் எங்களுக்குப் புரியலன்னு எங்க பாஷையில எழுத்துப் போட்டுட்டா. இந்த ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது.

இப்ப உள்ள ஓடுற அவ படமா? இதுல சிரிப்பு கம்மி.

இசிடோர்னு ஒருத்தர். எங்க ஆள்தான், அந்த ஆலையில காலம்பூரா வேலை பாத்தவர். மேல இருக்கிறவன் சொன்னா யாரும் பாக்காத நேரத்துல கழிவுக் குழாயத் தொறந்து ஆத்துல விடுறது அவர் வேலை. வெளிய மூச்சு விடல. அந்த ஆத்து மீனத் தின்னு அவர் சம்சாரம் அகதாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது தம்பி. தேநீர்க் கோப்பையப் புடிக்க முடியல. ஒரு நாள் அவரே டெல்மா வீட்டு வாசல்ல வந்து நின்னார். கேமராவ ஓடவிடு, நான் பேசணும்னார். எல்லாத்தையும் சொன்னார். பேர் சொல்லி, இடம் சொல்லி. சொல்லிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். இத டிவிக்காரன் பாக்குறதுக்கு முன்னாடி எங்க ஊர் சனம் பாக்கணும், நான் அவங்ககிட்டதான் சொல்லுறேன்னார். பனி கரையிறதுக்குள்ள போய்ச் சேந்துட்டார். அகதா இப்ப முதல் வரிசையில உக்காந்திருக்கா.

இந்தப் படத்த ஒரு ஆள் கூடப் பாக்கக் கூடாதுன்னுதானே உங்க பேப்பர்ல இருக்கு? தெரியும் தம்பி. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நீங்க உங்க வேலையப் பாக்குறீங்க.

நாற்காலி இழுக்குற சத்தம் கேக்குதா? ஆமா, எந்திரிக்கிறாங்க. முடிஞ்சிருச்சு.

இருங்க, கையத் தொடச்சுக்குறேன், ஒரே எண்ணெய். ம், குடுங்க இப்ப. கையெழுத்து எங்க போடணும்? என்ன அப்படிப் பாக்குறீங்க, டெல்மா நான்தான். ஐயையோ, ரொட்டி தொண்டையில சிக்கிருச்சா? தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க. குழாயத் தொறக்காதீங்க தம்பி, அத நாங்க குடிக்கிறதில்ல. அந்தா, பாட்டில்ல இருக்கு பாருங்க.