மேட்டு மணல்

பெயர் ருக்குமணி. கணவர் பெயர் முனுசாமி. வயது இருபத்துமூன்று. இருப்பிடம் பினாங்கு, தஞ்சோங் பூங்கா கடற்கரைக் குடிசை. தொழில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்பது. ராணுவப் பதுங்குகுழியிலிருந்து மணல் மூட்டைகளை எடுத்ததாகப் பிடிக்கப்பட்ட நான் 1944 செப்டம்பர் 11 அன்று சொல்வதாவது:

என் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது நான் கர்ப்பமாக இருந்தேன். அதன்பின் பெண் குழந்தை பிறந்தது. தவமணி என்று பெயர் வைத்தேன். தவழும் வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். சின்னப் பிள்ளையை எரிப்பது எங்கள் வழக்கமில்லை. இடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காததால், பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா கரையோர மணல்மேட்டைக் காட்டி, "கொடி படர்ந்த மேடுலா, எவ்வளவு காத்து அடிச்சாலும் மணல் போகாது" என்றார். அங்கே சவுக்கு மரங்களுக்குக் கீழே அடும்புக்கொடியை விலக்கிப் புதைத்தோம். கொடி மறுபடியும் படர்ந்து மூடிக்கொண்டது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அதன்பின் ராணுவத்துக்கு விறகு வேண்டுமென்று மரங்களை வெட்டினார்கள். அதன்பின் பதுங்குகுழி மூட்டைகளுக்கு மணல் அள்ள ஆட்கள் வந்து, கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள். நான் மேஸ்திரி பழனியப்பனிடம் ஓடி, "அண்ணே, அங்க மட்டும் வெட்டாதீங்க, என் பிள்ள படுத்திருக்கு" என்றேன். அவர் நல்ல மனிதர். ஜப்பான்காரன் பார்க்காத நேரத்தில் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு கிழித்து, உள்ளே மண்வெட்டி படாமல் பார்த்துக்கொண்டார். சுற்றிலும் வழித்தெடுத்த பிறகு அந்தத் திட்டு மட்டும் தனியாக நின்றது. பிள்ளை தப்பித்தாள் என்று இருவரும் நினைத்தோம்.

அதன்பின் காற்று தொடங்கியது. மறைக்க மரமில்லை, மணலைப் பிடிக்கக் கொடியில்லை. தனியாக நின்ற திட்டை நாலு பக்கமும் காற்று அரித்தது. கையால் அள்ளி அள்ளிப் போட்டேன், நிற்கவில்லை. போன சனிக்கிழமை, அவளைச் சுற்றிய என் சேலைத் துணியின் ஓரம் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த பிறகும் என் உயிர் போகவில்லையே என்றிருக்கிறது. அன்று பொழுது சாயும்போது ஆறு மூட்டைகளை இழுத்துவந்து அவளைச் சுற்றி அடுக்கினேன். அவற்றில் இருப்பது அந்த மேட்டு மணல்தான். அதைத் திருட்டு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். காற்று ஓயும்வரை மூட்டைகளை அங்கேயே விட்டுவைக்க வேண்டும். என் கணவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் எங்கே என்று கேட்பார். இடத்தையாவது காட்ட வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் எதுவும் இல்லை.

இடது பெருவிரல் ரேகை: ருக்குமணி

எழுதியவர்: ஏரம்பமூர்த்தி, காவல் நிலைய எழுத்தர்

குறிப்பு: மேற்படி ஆறு மூட்டைகளும் இன்று காலையிலேயே ராணுவ முகாமுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. வாக்குமூலம் கொடுத்தவரிடம் இதை நான் சொல்லவில்லை.