பிரிக்காத சிவப்புப் பெட்டி

முதலில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், சார். கலெக்டரே வந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன். டாக்டர் ஈஸ்வரும் டாக்டரான அவர் மனைவியும் ஆட்டையாம்பட்டியில் இந்தக் கிளினிக்கைத் தொடங்கிய நாளிலிருந்து நான்தான் இங்கே தலைமை நர்ஸ். பெயர் வசந்தாமணி. தரச் சான்றிதழை வரவேற்பறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அதை வாங்கித் தந்தது சிஸ்டர்தான் என்று டாக்டரே எல்லோரிடமும் சொல்வார்.

அதைப் புதுப்பிப்பதற்கான ஆய்வுக்கு வந்த நீங்கள், இங்கே அசம்பாவிதம் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டீர்கள். மற்றவர்கள் இதைக் கேட்கும்போதே, இல்லை என்று தாங்களே தலையை ஆட்டிவிடுவார்கள். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

கடைவீதியில் எங்களுக்கு எதிர்ச்சாரியில் ரஹமத்துல்லா என்று ஒருவர் லுங்கி, துண்டு வியாபாரம் செய்கிறார். அவர் மனைவி அஜீஸா. நல்ல வாயாடி. எவனுக்கும் பயப்பட மாட்டேன் என்பாள், ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக்கிக்கொள்வாள். ஆனாலும் ஊசிதான் வேண்டும் அவளுக்கு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். மாத்திரை எழுதிக் கொடுத்தால், "ஒண்ணுமே பாக்கலீங்க" என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். ஓர் ஊசி போட்டு அனுப்பினால் கைராசி என்பார்கள். எனக்குக் கைராசிக்காரி என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

சான்றிதழுக்கான முதல் ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம் அது. டாக்டர்கள் இருவரும் தீயணைப்பு சிலிண்டர் வாங்க சேலம் போயிருந்தார்கள். நான் காலையிலிருந்து ஓர் ஈ உட்காராதபடி கிளினிக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உயிர் போகிற நேரத்தில் போடவேண்டிய மருந்துகளுக்கென்று எங்களிடம் ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. யாராவது திறந்தால் தெரிய வேண்டும் என்று அதற்கு ஒரு பிளாஸ்டிக் சீல். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மருந்துகளை வரிசையாக அடுக்கி, கைவசம் இருந்த ஒரே சீலையும் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். சீர்வரிசைத் தட்டு மாதிரி இருந்தது.

அப்போதுதான் அஜீஸா மகள் நிகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அஜீஸாவுக்குத்தான் காய்ச்சல், தொண்டைவலி. டாக்டருக்குப் போன் போட்டேன். மாத்திரை கொடுங்கள், சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றார். அவள் கேட்கவில்லை.

"நாளைக்கு நாத்தனார் ஊட்டுல நிக்காஹ் சிஸ்டர். உங்க கையால ஒரு ஊசி போட்டு உடுங்க. நான் எந்திரிச்சு நின்னாப் போதும்."

போட்டேன். தோலில் துளி மருந்து வைத்துச் சோதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. எனக்கோ வராந்தா இன்னும் துடைக்காமல் கிடந்தது. முன்பு ஒரு தரம் அதே மருந்தை அவளுக்குப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அந்த நம்பிக்கையில் நேராகவே போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரிக்கிறது என்றாள். பிறகு உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடித்துக்கொண்டு வந்தது. "மூச்சு உட முடியல சிஸ்டர்" என்றாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். நர்சிங் படிக்கும் பெண்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். மருந்து ஒன்று இருக்கிறது, அதைத் தொடையில் போட வேண்டும், அந்த நிமிஷமே போட வேண்டும். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சீலின் மேல் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

உடைத்தால், ஏன் உடைத்தாய் என்ற கேள்வி வரும். டாக்டர் சொல்லாத ஊசி வெளியே வரும். காலையில் வருகிறவர்கள் முன்னால் டாக்டர் தலைகுனிந்து நிற்பார். இதையெல்லாம் நான் நின்று யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். பெட்டி அவ்வளவு நேர்த்தியாக இருந்தது, கலைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ரஹமத்துல்லாவைக் கூப்பிட்டேன். காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஊசிக்குப் பயந்து பிரஷர் எறங்கியிருக்குதுங்க. எதுக்கும் சேலம் கூட்டிட்டுப் போயிருங்க, உடனே கெளம்புங்க" என்றேன். கைத்தாங்கலாக நானே அவளைக் காரில் ஏற்றினேன். நிகத்தும் கூடவே ஏறிக்கொண்டாள். அவளால் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களை மெதுவாகப் பிரித்து எடுத்து, அவள் மடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அப்புறம் வராந்தாவைத் துடைத்தேன். டாக்டர் சேலத்தில்தானே இருக்கிறார், ஒரு போன் போட்டிருந்தால் வேறு மருந்தும் வேறு சீலும் வாங்கி வந்திருப்பாரே என்பது, துடைத்து முடித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

சேலம் போகிற வழியில், அரியானூர் தாண்டுவதற்குள் அஜீஸாவின் உயிர் போய்விட்டது. ரஹமத்துல்லா எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மாரடைப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். டாக்டரிடம் மாத்திரை கொடுத்ததாகச் சொன்னேன், நம்பினார். மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாக் கிளினிக்கும் இப்படி இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்றார்கள். தெரு முனையில் அவளை அடக்கத்துக்கு எடுத்துப் போனார்கள். நான் மருந்து அறைக்குள் நின்று அழுதேன், சார். நிஜமாகவே அழுதேன். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும் எதிர்க்கடையில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்காத மத்தியானங்கள் எனக்குப் பாரமாகத்தான் இருக்கின்றன.

ஆக, மருந்து இருந்தது. நான் போடவில்லை. அவள் செத்தது அதனால்தான். நீங்கள் கேட்டது இதைத்தான் என்றால், நடந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ரஹமத்துல்லா நிகத்துக்குச் சளி என்று கூட்டிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். குழந்தைக்கு நான் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமலே பேசினார்.

"நீங்க உடனே போகச் சொன்னீங்க சிஸ்டர். நான்தான் கேக்கல. புள்ளைய அக்கா ஊட்டுல உட்டுட்டுப் போலாம்னு நடுவுல நிறுத்துனேன். இது எறங்க மாட்டேன்னு அம்மாவப் புடிச்சிட்டு அழுதுது. சமாதானம் பண்ணி உட்டுட்டுக் கெளம்பறதுக்குள்ள நேரம் ஆயிருச்சு." பிறகு கேட்டார். "நிறுத்தாமப் போயிருந்தா பொழச்சிருப்பாளாங்க?"

நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த நிகத் ஆட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க, பொழச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். குழந்தையின் கையை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அது கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே இறங்கி அவர் பின்னால் போயிற்று.

நோயாளியின் வீட்டார் கேட்கிற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கிளினிக்கின் விதி, சார். அந்த விதியை மட்டும் நான் ஒருநாளும் மீறியதில்லை.