கெபிக்குப் போகும் பாதை

அக்டோபர் பிறந்துவிட்டால் வெண்டைச் செடியை நம்ப முடியாது சார். இலையில் புள்ளி விழும், காய் கோணிக்கொண்டு வரும். செப்டம்பர் கடைசியிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவேன். புகைமூட்டம் விலகி மழை பிடித்ததும் பயற்றங்கொடி அழுகும். பப்பாளி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சாய்ந்து கிடக்கும். மஞ்சள் செடியின் இலை பழுத்துக் காயும். வெற்றிலைக்கும் சோற்றில் வாசத்துக்குப் போடும் பாண்டானுக்கும் மட்டும் கொண்டாட்டம். பிறகு நத்தை வரும். நடந்ததை ஆரம்பத்திலிருந்து தமிழிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு ஆரம்பம் இதுதான்.

என் பெயர் மாடில்டா, வயது அறுபத்தாறு. கம்போங் குவாந்தான் போகிற சாலையில் இருந்த எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கினேன், புல்லுக்கு மருந்தடித்தேன். எஸ்டேட்டை விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு மலிவு வீடு கொடுத்தார்கள். என் கணவர் ராஃபேலுக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. அதனால் அவர் தங்கை எவலின் பெயரில் வாங்கினோம். எவலின் ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ராஃபேல் இறந்ததும் எனக்குத் துணையாக வந்துவிட்டாள். நல்லவள். இதை இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் மண்ணில் வேலை வாங்கும் மண்டோர் சொன்ன இடத்தில் குனிந்தவள் நான். இந்தக் கொல்லையில்தான் எங்கே குனிவது என்று நானே முடிவு செய்தேன். ஆகஸ்டில் எவலின் ரவீந்திரன் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்து அதை அளந்தாள். புது வருஷம் பிறந்ததும் முழுக்கச் சிமெண்டு போட்டுவிடலாம், பாம்பு வராது, கொசு வராது, வழுக்கி விழவும் வேண்டாம் என்றாள். என்னைக் கேட்காமல் செய்தாள் என்று சொல்ல மாட்டேன். கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் சிரித்தாள்.

“எத்தனை நாளைக்குத்தான் அண்ணி மண்ணுல கெடப்பீங்க? ரெஸ்ட் எடுங்கலா.”

எனக்குக் களைப்பாக இருந்தது. வாதாடுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? சரி என்று சொல்லிவிட்டேன்.

சிமெண்டு போட்டால் வழுக்காது என்று அவள் நம்பியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பாசி பிடிப்பதே சிமெண்டில்தான். கொல்லையில் மூன்று சிமெண்டுப் பாதைகள் உண்டு. ஒன்று குழாயடிக்கு, ஒன்று துணி காயும் கொடிக்கு, ஒன்று கடைசியில், கல் குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த கெபிக்கு. மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பேன். இந்த வருஷம் இடுப்பு வலி. குழாயடிப் பாதையையும் கொடிப் பாதையையும் தேய்த்தேன். மூன்றாவதைத் தேய்க்கவில்லை.

எவலின் தினமும் விடிந்ததும் பூப்பறித்துக்கொண்டு கெபிக்குப் போவாள். நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், பாதை பச்சையாக இருக்கிறது, தானே தேய்க்கட்டுமா என்று கேட்டாள். நீ விடு, நாளைக்கு நான் தேய்க்கிறேன் என்றேன். அவள் என் பேச்சை அப்படியே நம்புகிறவள்.

இரண்டு பாதை வெள்ளையாக இருக்க ஒன்று மட்டும் ஏன் பச்சை என்று நீங்கள் கேட்டீர்கள். மற்ற போலீஸ்காரர்கள் கேட்கவில்லை. ஆகவே மிச்சத்தையும் எழுதுகிறேன். அரிசி கழுவிய தண்ணீரை முன்பெல்லாம் மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவேன். அக்டோபரிலிருந்து அந்தப் பாதைக்கு ஊற்றினேன், தினமும். பாசிக்கு அது நல்ல உரம். வெயில் படாமல் இருக்க இரண்டு பெரிய பூந்தொட்டிகளை அதன் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன். தொட்டி கனம். இடுப்பு வலியோடுதான் நகர்த்தினேன்.

டிசம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை அவள் விழுந்தாள். நான் வேலியோரம் மிளகாய் நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். கெபியின் படியில் தலை அடித்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பூவெல்லாம் சிதறிக் கிடந்தது. அவளுக்கு நினைவு இருந்தது.

“அண்ணி,” என்றாள். “பார்த்து வாங்க, வழுக்குது.”

இதோ வருகிறேன் என்றேன். அப்போது தட்டில் பதினொரு நாற்று மிச்சம் இருந்தது. வேர் காய்ந்தால் பிழைக்காது. அவற்றை நட்டேன். நட்டு முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது, உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். மழை விட்டதும் பக்கத்து வீட்டு அமராவதியைக் கூப்பிட்டேன், அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். எனக்கு நேரம் தெரியவில்லை.

அடக்கத்துக்கு என் கொல்லைப் பூவைத்தான் வைத்தோம். அழுதேன். பொய்யாக அழவில்லை சார். அவள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ரவீந்திரனுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள்மேல் வெறுப்பா என்று கேட்டீர்கள். கிடையாது. குற்ற உணர்வு இல்லையா என்றும் கேட்டீர்கள். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு கோயிலுக்குப் போய், மற்றவர்களோடு வரிசையில் நின்று, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மழையால் இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாததைச் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.